ஒன்பது புள்ளி ஆறு

கோபம் வந்தால் ஊசிக்குக் காது சிவக்கும். இது அவள் அம்மாவுக்குத் தெரியும், பள்ளியில் கூடப் படித்தவர்களுக்குத் தெரியும், மீதிச் சில்லறை தராமல் இழுத்தடித்த ஒரு பஸ் கண்டக்டருக்கும் தெரியும். ஆனால் கல்லூரி விடுதிக்கு வந்த இந்த இரண்டு வருஷத்தில் கோபம் கூடிக்கொண்டே போனதே தவிர, காது சிவந்ததை யாரும் பார்க்கவில்லை.

"சிவக்கணும்னா உள்ள ஏதாவது இருக்கணும்ல" என்பாள் பெரியம்மா.

பெரியம்மா என்றால் உறவுமுறை இல்லை. எதிர்க் கட்டிலில் படுக்கும் அறைத்தோழி. இரண்டு வருஷம் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுவிட்டுப் படிக்க வந்ததால் வகுப்பிலேயே மூத்தவள். இருபத்து மூன்று வயதில் மூட்டுவலியைப் பற்றிப் பேசுவாள், ஈரத்தலையோடு படுக்காதே என்பாள், ஜன்னலைச் சாத்து என்பாள். பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஊசிக்கு அந்தப் பெயர் வந்தது வேறு வழியில். இரத்தப் பரிசோதனைப் படிப்பில் அந்த வகுப்பிலேயே வலிக்காமல் குத்துகிற கை அவளுடையது. வாயால் குத்தும்போது மட்டும்தான் வலிக்கும்.

அன்றைய செய்முறை வகுப்பில் ஒருவர் விரலை ஒருவர் குத்தி, இரத்தத்தில் சிவப்பணு நிறமியான ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். லேப் சார் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: கையைத் தேய்த்துச் சூடாக்கு. விரலின் ஓரத்தில் குத்து. முதல் துளியைத் துடைத்துவிடு. பிழியாதே, பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். எழுதிப் போட்டவர்தான், ஆனால் அவசரத்தில் அவர் கையில் ஒரு விரல் கிடைத்தால் பிழியாமல் விட்டதே இல்லை. பிள்ளைகள் அவருக்கு 'ஜூஸ் கடை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஊசியின் விரலைக் குத்தியவள் பெரியம்மா. பலகையில் இருந்தபடி ஒழுங்காகத்தான் செய்தாள். கருவியில் எண் வந்ததும் அதைக் கவிழ்த்து வைத்தாள். லேப் சார் வந்து நிமிர்த்தினார்.

"ஒன்பது புள்ளி ஆறு. பாருங்க, குறைஞ்ச ரத்தத்துக்கு உதாரணம் வெளிய போய்த் தேட வேண்டியதில்ல. நம்ம கிட்டயே இருக்கு."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு நினைவு வந்தவர்போல முகத்தை மாற்றிக்கொண்டார். "ஏம்மா, பெண்களுக்குப் பன்னெண்டு இருக்கணும். நாம பயிற்சிக்கு அனுப்பறதுக்குப் பதினொண்ணாவது வேணும். அது விதி. அதுக்குக் கீழ இருந்தா ஆஸ்பத்திரியில சேத்துக்க மாட்டாங்க. ஒன்பது வாரம் இருக்கு. பாத்துக்க."

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஊசிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் பயிற்சி இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம்தான். அவளுடைய உதவித்தொகை இந்த வருஷத்தோடு முடிகிறது. பயிற்சியில் சேர்ந்தால் மாதாமாதம் ஒரு தொகை தருவார்கள்; சேராவிட்டால் விடுதி அறைக்குக் கட்ட வழியில்லை. வழியில்லை என்றால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் அம்மா ஒரு சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க ஆவியில் நின்று, மாலையில் வீங்கிய காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பவள். அவள் பக்கத்து மேஜை காலியாக இருப்பதாகவும், முதலாளி அடிக்கடி "பொண்ணு படிப்பு முடிஞ்சுதா?" என்று விசாரிப்பதாகவும் அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஊசிக்கு அது சிரிப்பாக இல்லை.

கல்லூரியின் ஊட்டச்சத்து மேடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மேடத்தின் அறையில் நான்கு சுவரிலும் பழங்கள். எல்லாம் படம்.

"காலையில என்னம்மா சாப்பிடறே?"

"பன்னு மேடம்."

"பன்னா? அதெல்லாம் ஒரு சாப்பாடா? சரி, மத்தியானம்?"

"அதுல மீதிப் பாதி."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வழவழப்பான ஒரு கையேட்டை எடுத்து நீட்டினார். மாதுளை, பாதாம், பேரீச்சை, வெண்ணெய்ப்பழம், கடல் மீன். மீன் ஒரு வெள்ளைத் தட்டில், பக்கத்தில் ஒரு பூவோடு படுத்திருந்தது.

"மேடம், இந்த மாதுளை ஒண்ணு வாங்கினா என் மூணு நாள் சாப்பாட்டுக் காசு போயிடும்."

"கொஞ்சம் பிளான் பண்ணணும்மா. மனசு வச்சா முடியாதது இல்ல. மாத்திரை தரச் சொல்றேன். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது, நல்லா சாப்பிடணும். என்ன?"

நல்லா சாப்பிடணும். இந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் இவருக்கு ஓர் அறை, ஒரு குளிர்சாதனம், ஒரு சுழல் நாற்காலி. ஊசி கையேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் நின்று பல்லைக் கடித்தாள். கடிக்க அப்போதைக்கு வேறு எதுவும் இல்லை.

கேன்டீன் சாப்பாடு அவளுக்குக் கட்டுப்படியாகாது. கட்டுப்படியானது கேன்டீன் வாசலில் நின்ற டீ இயந்திரம். ஒரு டீத்தூள் கம்பெனி தானமாக வைத்தது. மேலே 'மாணவர் நலத் திட்டம்' என்று பச்சை எழுத்து. பொத்தானை அமுக்கினால் இலவசமாக, சூடாக, இனிப்பாக, வயிறு நிறைய டீ. கல்லூரியில் ஏழைப் பிள்ளைகளுக்கு யாரும் காசு கேட்காமல் கொடுத்தது அது ஒன்றைத்தான். ஊசி ஒரு நாளைக்கு ஆறு தம்ளர் குடிப்பாள். பன்னைத் தொட்டுக்கொள்ள ஒன்று, பசி எடுத்தால் ஒன்று, பசி எடுக்கப்போகிறது என்று தோன்றினால் முன்னெச்சரிக்கையாக ஒன்று. வீட்டிலும் அப்படித்தான் வளர்ந்தாள். மாசக் கடைசியில் அம்மா, "டீ போடட்டுமா?" என்று கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு அதுதான் என்று அர்த்தம்.

சரி, மாதுளை இல்லை. வேறு என்ன? தன் பாடப் புத்தகத்தையே எடுத்துவைத்துக்கொண்டு, இரும்புச்சத்து உள்ள பொருள்களில் எவை மலிவு என்று ஒரு பக்கம் தேடினாள். கொண்டைக்கடலை. பயறு. ஈரல். கரும்பச்சைக் கீரைகள். முட்டை வாரத்துக்கு மூன்று. படம் போடத் தகுதியில்லாத பொருள்கள்.

கடைத்தெருவில் காய்கறிக்காரர் பீட்ரூட்டின் தலையில் இருந்த தழையைத் திருகித் திருகிக் கூடையில் எறிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தழைய என்ன பண்ணுவீங்க?"

"குப்பைக்கும்மா."

"எனக்குக் குடுங்களேன்."

"முயல் வளக்கறியா?"

"ஆமாண்ணே. ரெண்டு கால் முயல்."

அவர் சிரித்துவிட்டு இரண்டு கை அள்ளிப் போட்டார். முள்ளங்கித் தழையும் சேர்த்து. இரண்டு வாரம் இது நடந்தது. மூன்றாவது வாரம் போனால் தழையெல்லாம் வாழைநாரில் கட்டி, தண்ணீர் தெளித்து, முன்வரிசையில் அடுக்கியிருந்தது. மேலே அட்டையில் விலை.

"என்னண்ணே இது? குப்பைக்குப் போனதுக்கு விலையா?"

"நீ கேட்டப்புறம்தாம்மா இது கீரைன்னே எனக்குத் தெரிஞ்சுது. உன்னப் பாத்து இன்னும் நாலு பேரு கேட்டாங்க."

"அப்ப எனக்குக் கமிஷன் குடுங்க."

"கமிஷனா! சரி, உனக்குப் பாதி விலை. வெளிய சொல்லாத."

பாதி விலையில் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு பொருள் தனக்குத் தேவை என்று வாய்விட்டுச் சொன்ன நொடியில் அதற்கு விலை ஏறிவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் குப்பை; திறந்தால் சரக்கு.

விடுதியில் இருபத்தெட்டுப் பேருக்கு ஒரு சமையலறை, இரண்டு அடுப்பு. கதவில் வார்டன் ஒட்டிய காகிதத்தில் ஆளுக்கு இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் கொண்டைக்கடலை வேகுமா? ஊறவைத்த கடலையைப் பானையில் போட்டு, கொதி வந்தபின் பத்து நிமிஷம் தளதளக்க விட்டு, மூடியைத் திறக்காமல் துண்டில் சுற்றி, துண்டைப் போர்வையில் சுற்றி, தலையணைகளுக்கு நடுவே கட்டிலில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவாள். மாலையில் திரும்பி வந்தால் உள்சூட்டிலேயே வெந்திருக்கும்.

"பிள்ளையத் தூங்க வச்சாச்சா?" என்பாள் பெரியம்மா. ஒரு நாள் அறைச் சோதனைக்கு வந்த வார்டன் போர்வை மேட்டைத் தட்டி, "ஏய், கிளாஸுக்குப் போகாம என்ன தூக்கம்? எழுந்திரு!" என்று அதட்டினார். பானை எழுந்திருக்கவில்லை. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

ஈரல் செவ்வாய்க்கிழமை காலையில் மலிவு. அதை வதக்கினால் மாடி முழுக்க வாசம் போகும். மூன்றாவது அறைக்காரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஊசிக்கும் அந்த வாசம் ஆகாது. மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, மருந்துபோல மென்று விழுங்கி, மேலே ஒரு மடக்கு சூடான டீ ஊற்றி உள்ளே தள்ளுவாள். மாத்திரையும் அப்படித்தான். இருபது நிமிஷ அடுப்பில் அவள் முறை முடிகிறது என்றால், கடைசி மூன்று நிமிஷம் டீக்கு. கல்லூரியில் இருந்தால் இயந்திரம் இருக்கவே இருக்கிறது. கடலைச் சம்புடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பச்சை எழுத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவாள்.

நான்கு வாரம் ஆயிற்று. ஒரு நாள் தழையை விடவில்லை, ஒரு மாத்திரையை விடவில்லை. சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. செருப்பின் வார் அறுந்தது, தைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காசில் முட்டை வாங்கினாள். நாலாவது வாரக் கடைசியில் லேப்பில் ஆள் இல்லாத ஒரு மணி நேரத்தில் பெரியம்மாவை இழுத்துக்கொண்டு போய்க் கையை நீட்டினாள்.

ஒன்பது புள்ளி ஏழு.

"மெஷின் சரியில்ல" என்றாள் பெரியம்மா.

"இன்னொரு விரல்ல குத்து."

ஒன்பது புள்ளி ஏழு.

"அந்தக் கை."

"ஏற்கெனவே ரத்தம் இல்லன்னுதானே பாக்கறோம். இப்படிக் குத்திக்கிட்டே இருந்தா இருக்கறதும் போயிடும்டி."

ஊசி சிரிக்கவில்லை. கருவியை உறையில் போட்டு, பஞ்சைக் குப்பையில் போட்டு, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, கடைசியில் தன் சாப்பாட்டுச் சம்புடத்தை எடுத்துச் சுவரில் அடித்தாள். மூடி ஒரு பக்கம், கடலை ஒரு பக்கம். பிறகு மண்டியிட்டு ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கினாள். கழுவித் தின்ன வேண்டும், விடமுடியாது. அந்தப் பொறுக்கல்தான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. கோபத்தில் எறிவதற்குக்கூடத் தனக்கு வசதியில்லை என்று.

அன்று மாலை அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டே?"

"கல்லு. மண்ணு. எத்தன தடவ கேப்ப?"

போனை வைத்தபின், பொறுக்கி வந்த கடலையைக் கழுவித் தின்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரியம்மாவுக்கு ஊட்டச்சத்துப் பாடத்தில் ஒரு பேப்பர் பாக்கி. போன வருஷம் அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் ஊசிக்குத்தான்; அவளுடைய பழைய விடைத்தாளை வாங்கிவைத்துக்கொண்டு கட்டிலில் கால் நீட்டி உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி எதிரே உட்கார்ந்து கீரையும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில் டீத் தம்ளர்.

"இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பொருட்கள் மூன்றினை எழுதுக" என்று பெரியம்மா ராகம் போட்டாள். "ஒண்ணு, தானிய உமியில இருக்கிற ஃபைட்டேட். ரெண்டு, பால்ல இருக்கிற கால்சியம். மூணு, டீயில இருக்கிற டானின். உணவோடு டீ அருந்தினால் இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் வீணாகும். எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்களுடன்..."

அவள் நிறுத்தினாள். எதிரே மெல்லும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"என்னடி?"

"திரும்பப் படி."

பெரியம்மா படித்தாள். பாதியில் அவள் கண்ணும் தாளிலிருந்து மெல்ல உயர்ந்து அந்தத் தம்ளரில் போய் நின்றது. பால் விட்ட டீ.

"ஐயோ" என்றாள்.

ஊசி தாளைப் பிடுங்கினாள். அவளுடைய கையெழுத்து. சாய்வில்லாத, அழகான, மார்க் வாங்குகிற கையெழுத்து. 'டானின்' என்ற சொல்லுக்குக் கீழே அவளே அடிக்கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சரி, ஐந்துக்கு ஐந்து, பக்கத்தில் 'மிக நன்று'. அந்தத் தேர்வுக்கு முந்திய வாரம் முழுக்க இதை மனப்பாடம் செய்தாள். எப்படி? இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பன்னைத் தொட்டுக்கொண்டு, தம்ளர் தம்ளராகக் குடித்துக்கொண்டு. டானின், டானின், டானின் என்று சொல்லிச் சொல்லி நடுவே வாய் உலர்ந்தால் இன்னொரு மடக்கு.

"நீயே எழுதியிருக்க" என்றாள் பெரியம்மா, நம்ப முடியாமல். "ஃபுல் மார்க் வேற."

"வாய மூடு."

"இல்லடி, நானும்தான மருந்துக்கடையில இருந்தேன். இரும்பு மாத்திரைய டீயோட போடாதீங்கன்னு நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். உன்ன தினம் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு..."

"வாய மூடுன்னேன்ல!"

ஒரு மாதத் தழை. ஒரு மாத மாத்திரை. செருப்பு வார். மூச்சைப் பிடித்து விழுங்கிய ஈரல். எல்லாவற்றையும் சொந்தக் கையால் உள்ளே போட்டு, சொந்தக் கையால் கழுவி விட்டிருக்கிறாள். முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது. பிறகு அந்தச் சிவப்பு மையின்மேல் வந்தது. 'மிக நன்று' எழுதின கைக்கு, நீ என்னம்மா குடிக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. கேள்வியும் கேள்வியாக வந்தது, பதிலும் பதிலாகப் போனது. நடுவில் இருந்த வயிற்றை யாரும் பார்க்கவில்லை. டீயை ஜன்னல் வழியாக வீசினாள். கீழே காய்ந்துகொண்டிருந்தது வார்டனின் போர்வை. அந்தப் பஞ்சாயத்து தனியாக ஒரு வாரம் ஓடியது.

மறுநாள் ஊட்டச்சத்து மேடத்தின் அறைக்கு அவளாகவே போனாள். மேடம் நல்ல மனநிலையில் இருந்தார்.

"வாம்மா, உக்காரு. டீ குடிக்கிறியா?"

"வேணாம் மேடம். அதப் பத்தித்தான் பேச வந்தேன். கேன்டீன் வாசல்ல வச்சிருக்கீங்களே அந்த மெஷின், அதுல ஒரு அட்டை மாட்டணும். சாப்பிடறப்ப குடிக்காதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்கன்னு."

"அது நன்கொடையா வந்ததும்மா. அதுல போய் குடிக்காதேன்னு எழுதினா அவங்க என்ன நினைப்பாங்க?"

"அப்ப உங்க புத்தகத்துலயாவது போடுங்க. பதினாறு பக்கம் இருக்கு. மீனுக்குப் பக்கத்துல பூ இருக்கு. டீ இல்ல."

"இதெல்லாம் உங்க பாடத்துலயே வருதே. ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். ஃபுல் மார்க்."

மேடத்துக்கு அது புரியவில்லை. புரியவைக்க ஊசிக்குப் பொறுமையும் இல்லை. எழுந்து வந்துவிட்டாள். அறைக்கு வந்து ஒரு காலண்டர் அட்டையின் முதுகில் தானே எழுதி இயந்திரத்தில் ஒட்டினாள். மத்தியானத்துக்குள் கிழித்திருந்தார்கள். திரும்ப ஒட்டினாள். திரும்பக் கிழித்தார்கள். மூன்றாவது அட்டையைக் கிழிக்க வந்த கேன்டீன்காரர் நின்று படித்துவிட்டு, "நெசமாவா? என் சம்சாரத்துக்கும் ரத்தம் கம்மிங்கறாங்க. அவ டீயிலதான் உயிரோட இருக்கா" என்றார். அதன்பின் அந்த அட்டை இருந்தது. ஆனால் அவர் அதை இயந்திரத்தின் பின்பக்கம் நகர்த்தி ஒட்டியிருந்தார்.

டீயை விட்ட முதல் வாரம் மண்டை பிளந்தது. அதைவிட மோசம், பசி. இத்தனை வருஷமாக அவள் பசி என்று நினைத்தது பசியே இல்லை. டீ அதன் தலையில் போர்வை போட்டு மூடியிருந்தது. போர்வையை எடுத்ததும் அது எழுந்து உட்கார்ந்து, வருஷக் கணக்கில் தூங்கினவன்போலச் சாப்பாடு கேட்டது. பகல் பதினோரு மணிக்குக் கேட்டது. நாலு மணிக்குக் கேட்டது. வகுப்பில் அவள் வயிறு போட்ட சத்தத்துக்கு முன்பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா தன் பங்குக் கடலையையும் அதே பானையில் போட ஆரம்பித்தாள். இரண்டு பேர் என்றால் நாற்பது நிமிஷ அடுப்பு. பானை பெரிதாயிற்று, போர்வை மேடு பெரிதாயிற்று. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, சாப்பிட உட்காரும்போது பிழிவார்கள். அந்த வாசனைக்கே எச்சில் ஊறும்.

ஒரு நாள் அம்மாவுக்கு ஊசியே போன் செய்தாள். எடுத்ததும் கத்தினாள்.

"இனிமே சாப்பாட்டோட டீ குடிக்காத!"

"என்னடி ஆச்சு உனக்கு?"

"குடிக்காதன்னா குடிக்காத. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி. ரத்தம் ஊறாது. உனக்கு மூச்சு வாங்குதுல்ல, மாடி ஏறினா? நகம் வெளுத்திருக்குல்ல? அதான்."

மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி சீறும் சத்தம் கேட்டது.

"அது சரிடி. டீயோட சாப்பாடு இருந்தாத்தானே, ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கலாம்" என்றாள் அம்மா. அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எந்த விடைத்தாளிலும் இல்லாத பதில் அது. பயிற்சியில் சேர்ந்து முதல் மாதத் தொகை வந்ததும் அந்த இஸ்திரி மேஜையிலிருந்து அம்மாவைக் கிளப்ப வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. "பயறு வாங்கி ஊறவை. நான் சொல்ற மாதிரி போர்வையில சுத்திவை" என்று மட்டும் அதட்டினாள். எப்படிச் சுற்ற வேண்டும் என்று பத்து நிமிஷம் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்பதாவது வாரம், தகுதிச் சோதனை. லேப்பில் காலை எட்டு மணிக்கே வரிசை. ஜன்னல்கள் திறந்திருந்தன, காற்று சில்லென்று அடித்தது, எல்லார் கையும் ஜில்லிட்டிருந்தது. லேப் சாருக்கு ஒன்பதரைக்கு ஏதோ கூட்டம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்தார். ஊசிக்கு முன்னால் நின்றவள், எப்போதும் தூங்கி வழிவதால் 'தலகாணி' என்று பெயர் வாங்கியவள், அன்று நன்றாக விழித்துக்கொண்டு அழுதபடி வெளியே போனாள். பத்து புள்ளி ஏழு. அவள் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு.

ஊசி உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். சார் குத்தினார். குளிரில் இரத்தம் மெதுவாக வந்தது. அவர் விரலின் அடியைப் பிடித்து, ஜூஸ் கடையாகி, அழுத்திப் பிழிந்து துளியை எடுத்தார்.

"பத்து புள்ளி எட்டு. அடடா, கிட்ட வந்துட்டியேம்மா. சரி, அடுத்த வருஷம் பாக்கலாம். நல்லா சாப்பிடு." சிவப்புப் பேனாவை எடுத்தார்.

சிவப்பு மை. ஊசியின் கண் அதில் நின்றது.

பேனா தாளைத் தொடும் முன் அவள் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"பிழிஞ்சீங்க சார்."

"என்ன?"

"முதல் துளியத் துடைக்கல. பிழிஞ்சு எடுத்தீங்க. பிழிஞ்சா திசுநீர் கலக்கும், அளவு குறைச்சுக் காட்டும். ஜில்லுனு இருக்கிற கையில எடுக்கவே கூடாது. உங்க கேள்வி சார் அது. போன செமஸ்டர், பத்து மார்க். நான் பத்துக்குப் பத்து எழுதினேன். நீங்கதான் திருத்தினீங்க."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நேரம் இல்லம்மா. கைய எடு."

"எடுக்க மாட்டேன். எழுதிக் குடுத்தா மட்டும் மார்க் போடுவீங்க, கையில செய்யும்போது அது வேற, இது வேறயா? ஒன்பது வாரம் சார். குப்பைத் தழை தின்னேன். இன்னொரு கையில எடுங்க. நான் தேச்சுச் சூடாக்கறேன். நீங்க பிழியாம எடுங்க. அப்பவும் கம்மியா வந்தா நானே கோடு போட்டுக் குடுக்கறேன்."

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "பலகையிலயே எழுதியிருக்கு சார்." உண்மைதான். ஒன்பது வாரமாக யாரும் அழிக்காமல் விட்ட அந்த எழுத்து அங்கேயே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் படித்தார்கள். சாரும் படித்தார்.

ஊசி இடது கையை வலது கையால் தேய்த்தாள். இரண்டு நிமிஷம், தோல் உரிகிற மாதிரி. சார் புது ஊசியைப் பிரித்தார். ஓரத்தில் குத்தினார். முதல் துளியைத் துடைத்தார். இரண்டாவது துளி யாரும் அழுத்தாமல் தானாகத் திரண்டு வந்தது.

பதினொன்று புள்ளி இரண்டு.

சார் நீலப் பேனாவை எடுத்து எழுதினார். "சரி. கிளம்பு. அடுத்தது."

ஊசி கிளம்பவில்லை. "தலகாணிய யாருடி பாத்தா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள். படிக்கட்டுப் பக்கம் என்றார்கள். போனாள். சுவரில் சாய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஐஸ் கட்டிபோல இருந்தது அந்தக் கை.

"எழுந்திரு. கையத் தேய். இன்னும் வேகமா. அழறத அப்புறம் வச்சுக்கலாம்."

"பத்து புள்ளி ஏழுன்னு எழுதிட்டாரே..."

"எழுதினா? கோடு கிழிச்சா கல்லுல வெட்டின மாதிரியா? தேய்டீ!"

அவளை இழுத்துக்கொண்டு உள்ளே வரும்போது ஊட்டச்சத்து மேடம் எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கேள்விப்பட்டேன்! பதினொண்ணத் தாண்டிட்டியாமே. பாத்தியா, மனசு வச்சா முடியும்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

ஊசி நின்றாள். வாய் திறந்தாள். பெரியம்மா அவசரமாக அவள் தோளைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே உற்றுப் பார்த்தாள்.

"ஏய்" என்றாள், மெதுவாக. "உன் காது."

"என்ன காதுக்கு?"

"ஒண்ணுமில்ல. பேசு, பேசு. நான் பிடிக்கல." பெரியம்மா தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.